யாருக்குப் பாடினாய்?

ஒரு பாடகனைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். என்ன பாடினாய் என்பது ஒன்று. யாருக்குப் பாடினாய் என்பது மற்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே விசாரணையின் இரண்டு பாதிகள் போலத் தோன்றும். ஆனால் அவை இரண்டு வேறு இடங்களிலிருந்து வருபவை என்பதே எமது எண்ணம். முதலாவது கேள்வியை எவரும் கேட்கலாம். பாடியவன் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். இரண்டாவது கேள்வியைக் கையில் அதிகாரமோ துப்பாக்கியோ வைத்திருக்கும் எவருக்கும் கேட்க உரிமையில்லை. எமது மண்ணிலும், பிறகு நாம் சிதறிப்போன நாடுகளிலும், இந்த இரண்டாவது கேள்விதான் ஓயாமல் கேட்கப்பட்டது. முதலாவதைக் கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரும் நிம்மதியாக இருக்க விடப்படவில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள கோட்டைத் தன் வாழ்க்கையால் கீறிக் காட்டிய ஒரு மனிதரைப் பற்றி இங்கு பேச விரும்புகிறோம். பான்ஜோவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக, பிறகு நாடு நாடாகப் பாடித் திரிந்த அமெரிக்கர் பீற் சீகர். 2014 ஜனவரி 27ஆம் திகதி, 94 வயதில் நியூயோர்க்கில் காலமானார். 1963-64இல் மனைவி பிள்ளைகளோடு உலகைச் சுற்றியபோது இந்தியாவிலும் பாடினார். எங்களைப் பற்றி அவர் எதுவும் பாடியவரல்லர். அவரிடம் எங்களுக்கு வேலை இருப்பது வேறு காரணத்தால்.

சீகர் 1919 மே 3ஆம் திகதி பிறந்தவர். தகப்பன் இசை ஆய்வாளர், தாய் வயலின் கலைஞர். படித்த வீட்டுப் பிள்ளை. 1936இல் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரில் நடந்த மலைநாட்டு இசைவிழாவில் ஐந்து தந்திப் பான்ஜோவைக் கேட்டார். அதன் பிறகு அந்த வாத்தியம் அவரை விடவில்லை. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1938இல் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். பட்டத்தை முடிக்காதவனுக்கு எங்கள் சனங்களிடம் என்ன மரியாதை என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். சீகருக்கோ விட்ட படிப்பின் மிச்சம் தெருவில் கிடைத்தது. 1940இல் வூடி கத்ரி என்ற நாடோடிப் பாடகரைச் சந்தித்தார். இருவரும் வீதியில் கைகாட்டி வாகனங்களில் ஏறியும் சரக்கு ரயில்களில் தொற்றியும் நாட்டைச் சுற்றினார்கள். தொழிற்சங்கக் கூட்டங்களிலும் மதுக்கடைகளிலும் பாடி வழிச்செலவைத் தேடிக்கொண்டார்கள்.

அந்த வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பறையின் முகத்தில் நீண்ட கழுத்தொன்றைப் பொருத்தித் தந்தி கட்டினால் எப்படியிருக்கும், அதுதான் பான்ஜோ. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் கொண்டுவரப்பட்டவர்கள், கையில் எதையும் கொண்டுவர முடியாதபடியால், நினைவில் கொண்டுவந்து சுரைக்குடுவையும் தோலும் வைத்துத் திரும்பச் செய்தது. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களிடம் அதன் உறவுக்கருவி இன்றும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி, அடிமைகளைக் கேலி செய்யும் மேடைக் கூத்துக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது மலைநாட்டு ஏழை வெள்ளையரின் வாத்தியமாகி, கடைசியில் சீகரின் கைக்கு வந்தது. தோட்ட முதலாளி சொன்னபோது, சொன்ன விருந்துக்கு, அடிமை வாசிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர்களில் செத்தவீட்டுக்குப் பறையடித்தவனிடமும் விருப்பமா என்று எவரும் கேட்டதில்லை. சாதிக் கொடுமைக்கு எதிராக எழுந்தபோது பறையடிக்க மறுத்ததே ஒரு போராட்ட வடிவமானது. ஆகவே யாருக்கு வாசிப்பது என்பதை வாசிப்பவனே தீர்மானிப்பது சின்ன விஷயமல்ல. ஒடுக்கப்பட்டவன் வென்றெடுக்க வேண்டியிருந்த உரிமைகளில் அதுவும் ஒன்று.

சீகரிடம் இந்த உரிமை முதலில் கற்களால் கேட்கப்பட்டது. 1949 செப்டெம்பர் 4ஆம் திகதி, நியூயோர்க்குக்கு வடக்கே பீக்ஸ்கில் என்னுமிடத்தில் கறுப்பினப் பாடகர் போல் றொப்சனின் இசை நிகழ்ச்சி. சீகரும் அதில் பாடினார். முடிந்து திரும்பும் வழியில் இரு மருங்கும் நின்ற கும்பல் கார்களின் மீது கல்லெறிந்தது. சீகரின் காரில் மனைவியும் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள், கண்ணாடிகள் உடைந்தன. காருக்குள் விழுந்த கற்களில் சிலவற்றை அவர் எடுத்துவைத்து, ஹட்சன் ஆற்றோரம் தன் கையால் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கணப்படுப்புப் புகைக்கூட்டில் பதித்தார்.

மறு ஆண்டு அவரும் மூவரும் சேர்ந்த 'வீவர்ஸ்' குழுவின் பாடலொன்று 13 வாரங்கள் அமெரிக்காவின் முதலிடத்தில் நின்றது. புகழ் வந்த வேகத்திலேயே கறுப்புப் பட்டியலும் வந்தது. வானொலியும் கிளப்புகளும் கதவைச் சாத்தின. 1952இல் குழு கலைந்தது. 1955 ஓகஸ்ட் 18ஆம் திகதி, அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவின் முன் சீகர் அழைக்கப்பட்டார்.

அந்த விசாரணையின் பதிவு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. வாசிக்கும் எவருக்கும் ஒன்று தெளிவாகத் தெரியும். குழுவினர் அவருடைய பாடல்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. இந்தத் திகதியில் இந்த இடத்தில் நடந்த இந்தக் கூட்டத்தில் பாடினீரா, கூட்டத்தை நடத்தியவர் யார் என்பதே திரும்பத் திரும்ப வந்த கேள்வி. சீகர் சொன்னதன் சாரம் இது: என் பாடல்களைப் பற்றிச் சொல்கிறேன், வேண்டுமானால் பாடியும் காட்டுகிறேன். யாருக்கு, எங்கே பாடினேன் என்பதைச் சொல்லமாட்டேன். எந்தக் கட்சிக்காரருக்கும் பாடியிருக்கிறேன், வீடற்ற நாடோடிகளின் முகாமிலும் பாடியிருக்கிறேன், ரொக்பெல்லர் குடும்பத்தாருக்கும் பாடியிருக்கிறேன், எவருக்கும் பாட மறுத்ததில்லை. குழுவினருக்கு அவருடைய பாட்டு வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தத்தின் கீழ், தன்னைத் தானே குற்றவாளியாக்கும் பதிலைச் சொல்ல ஒருவர் மறுக்கலாம். அக்காலத்தில் பலர் அதைச் சொல்லிச் சிறையைத் தவிர்த்தார்கள். அதில் பிழையில்லை. ஆனால் சீகர் அதைச் சொல்லவில்லை. அவர் நின்றது பேச்சுரிமையைக் காக்கும் முதலாவது திருத்தத்தின் பக்கம். ஐந்தாவது திருத்தம் என்னிடம் இதைக் கேட்காதே என்கிறது. முதலாவது, எவரிடமும் இதைக் கேட்காதே என்கிறது. ஒருவன் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்வதற்கும் கேள்வியையே நிராகரிப்பதற்கும் உள்ள தூரம் இது.

அதற்கான விலையையும் கொடுத்தார். 1957இல் குற்றப்பத்திரம். 1961இல் பத்துக் குற்றச்சாட்டுகளுக்கும் ஒரே காலத்தில் அனுபவிக்கும்படி ஓராண்டுச் சிறைத்தண்டனை. பிணையில் நின்று மேன்முறையீடு செய்து, 1962 மே மாதம் குற்றப்பத்திரம் பிழையானதென்று தீர்ப்பாகி விடுபட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நீதிமன்ற எல்லையைத் தாண்டிப் பயணம் போகும்போதெல்லாம் அறிவித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. வதிவிட அனுமதியோடு வாழும் எவருக்கும் அந்த உணர்வை விளக்கத் தேவையில்லை. தொலைக்காட்சியின் பெரிய நிகழ்ச்சிகளுக்கு அவர் திரும்பி வந்தது 1967இல்தான்.

கதவுகள் மூடப்பட்ட அந்தக் காலத்தில்தான் அவருடைய செல்வாக்கு வேர்விட்டது. பெரிய மண்டபம் கிடைக்காதபடியால் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் சிறுவர் முகாம்களிலும் பாடினார். எதிர்ப்பாளர்கள் திரளுமுன் ஊருக்குள் வந்து பாடி அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஜோன் பயஸ் 13 வயதுச் சிறுமியாக அவரைக் கேட்டது 1954இல். பான்ஜோ வாசிக்கக் கற்றுத்தரும் சிறு கைநூலொன்றை 1948இல் றோணியோ செய்து தானே வெளியிட்டார். அடுத்த தலைமுறைப் பான்ஜோக்காரர் பலர் அதை வைத்துத்தான் பழகினார்கள். வானொலியில் அவர் பெயர் கேட்காத ஆண்டுகளில் அவருடைய மாணவர்களின் குரல்கள் வானொலியை நிறைத்தன.

இனி முதலாவது கேள்விக்கு வருவோம். இரண்டாவது கேள்விக்கு வாய் திறக்க மறுத்தவர் என்பதற்காக ஒருவரைத் தெய்வமாக்கிவிட முடியாது. என்ன பாடினாய் என்று கேட்டால் சீகரின் கணக்கு அவ்வளவு சுத்தமானதல்ல.

1941 மே மாதம் அவரும் கூட்டாளிகளும் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்திருந்த காலம் அது. கொம்யூனிஸ்டுகளின் நிலைப்பாடு போருக்கு எதிரானது. பாடல்கள் கட்டாய இராணுவச் சேவையையும் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டையும் கடுமையாகச் சாடின. ஜூன் 22ஆம் திகதி ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தினுள் நுழைந்தான். இசைத்தட்டு மீளப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு அதே குரல்கள் போருக்கு ஆதரவாகவும் ஜனாதிபதிக்கு ஆதரவாகவும் பாடின. மனம் மாறுவது குற்றமல்ல. ஆனால் இங்கே மாறியது பாடகனின் மனமா, கட்சியின் கட்டளையா என்ற கேள்வி எழாமல் போகாது. ஏன் அதைப் பாடினாய், ஏன் நிறுத்தினாய்? இது பொலிஸ்காரனின் கேள்வி அல்ல. அந்தப் பாட்டை நம்பிக் கேட்டவன் கேட்கும் கேள்வி.

சீகர் 1942இல் கட்சியில் சேர்ந்து, அந்தத் தசாப்தம் முடியும் தறுவாயில் விலகினார். ஸ்டாலினைப் பற்றி நெடுங்காலம் அவரிடமிருந்து தெளிவான வார்த்தை வரவில்லை. 1993இல் எழுதிய நூலில் ஸ்டாலினின் கொடூரத்தைச் சரியாக அறியாதிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதே மூச்சில் இன்னும் யார் யாரெல்லாம் எதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற பட்டியலையும் சேர்த்துக்கொண்டார். எங்களுக்கு இந்த வகை மன்னிப்பு பழக்கமானது. நாங்கள் செய்தோம்தான், அவர்கள் செய்யவில்லையா என்று முடியும் வசனங்களை எங்கள் கூட்டங்களில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! 2007இல், 88 வயதில், சீகர் ஸ்டாலினைச் சாடி ஒரு பாடலே எழுதினார். முன்னாளில் தன்னிடம் பான்ஜோ பழகியவரும் பின்னர் தன்னை வெளிப்படையாக விமர்சித்தவருமான ஒருவருக்குக் கடிதமெழுதி, சோவியத் நாட்டுக்குப் போயிருந்தபோது வதைமுகாம்களைக் காட்டும்படி கேட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். இம்முறை பட்டியல் இல்லை.

மிகப் பிந்திய பதில். செத்தவர்களுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. ஆனாலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1955இல் சிறைவாசலில் நிறுத்திக் கேட்டபோது அவரிடமிருந்து பெற முடியாத பதிலை, எந்த அதிகாரமும் இல்லாத ஒரு விமர்சகர் எழுதிய எழுத்து பெற்றது. ஒருவனை மிரட்டினால் அவனிடமிருந்து பெயர்கள் வரக்கூடும், தன்னைப் பற்றிய உண்மை வராது. தான் பாடியதை நேர்மையாகத் திரும்பிப் பார்ப்பதற்கு, பார்த்ததும் கொல்லப்படமாட்டேன், காட்டிக்கொடுத்தவனாகமாட்டேன் என்ற உறுதி அவனுக்கு வேண்டும். யாருக்குப் பாடினாய் என்ற கேள்வி ஓங்கி ஒலிக்கும் இடத்தில், என்ன பாடினாய் என்ற கேள்விக்கு எவனும் உண்மையான பதில் சொல்லமாட்டான். சொன்னால் அது எதிரியின் கையில் ஆயுதமாகும் என்று பயப்படுவான். எங்கள் சமூகத்தின் நீண்ட மௌனத்துக்கு ஒரு விளக்கம் இதில் கிடக்கிறது.

முதலாவது கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாடோடிப் பாடகன் பாடுவது பெரும்பாலும் பிறருடைய பாட்டு. தென்னாபிரிக்கப் பாடகர் சொலமன் லிண்டா 1939இல் ஒலிப்பதிவு செய்த சூலு மொழிப் பாடலொன்றை சீகர் இசைத்தட்டில் கேட்டு, சொல்லைச் சரியாகப் பிடிக்காமலே பாடினார். வீவர்ஸ் அதைப் புகழ்பெறச் செய்தார்கள். வேறு குழுக்கள் அதைச் சிங்கத்தின் பாட்டாக்கி உலகெங்கும் விற்றன. லிண்டாவுக்குப் பணம் போக வேண்டுமென்று சீகர் பதிப்பகத்தாரிடம் சொன்னார், தானும் ஆயிரம் டொலர் அனுப்பினார். ஆனால் உரித்தான பங்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். 2006இல்தான் அவருடைய மகள்மார் வழக்காடி ஓர் உடன்பாட்டைப் பெற்றார்கள். நல்ல மனம் இருந்தது. அது போதவில்லை. பாட்டுக்கு முன்னால் இருப்பவர்களுக்குப் போலவே பாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் பாடகன் பொறுப்பானவன்.

இதை எங்கள் தொழிலில் வைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். றெஸ்ரோறன்ட் குசினியில் நிற்பவன் உள்ளே வந்து சாப்பிடுகிறவன் யாரென்று பார்ப்பதில்லை. வெளியே மேசையில் இருப்பவர் வெளிநாட்டவரைத் துரத்த வேண்டுமென்று வாக்குப்போட்டவராக இருக்கலாம், எங்கள் விண்ணப்பத்தை நிராகரித்த அதிகாரியாகவும் இருக்கலாம். அவருக்கும் அதே கறிதான். யாருக்குச் சமைத்தாய் என்று எவரும் எங்களைக் குற்றக்கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் தட்டில் என்ன போனது என்பதற்கு நாங்கள் பொறுப்பு. பழுதான இறைச்சியை அனுப்பிவிட்டு, சாப்பிட்டவர் எங்கள் ஆள்தானே, பொறுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. எங்கள் ஆளுக்கென்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் கேட்பவனுக்குப் பொறுப்பே இல்லையா? இதற்குப் பதில் தேடும்போது, நாம் வாழும் இந்த யூலாந்து மண்ணே குறுக்கே வருகிறது. கிரின்ஸ்டெட்டிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் றொடிங் என்ற சிறிய ஊர். டென்மார்க்கின் முதலாவது மக்கள் உயர்பள்ளி 1844இல் அங்கேதான் தொடங்கியது. குறுண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையில் பிறந்தது. பரீட்சையும் பட்டமும் இல்லை. கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வந்து தங்கி, பேசியும் சேர்ந்து பாடியும் கற்பார்கள். இன்றும் டேனிஷ்காரர் கூட்டம் கூடினால் பாட்டுப் புத்தகத்தை விரித்துச் சேர்ந்து பாடுவதைப் பார்க்கிறோம். இந்தப் பள்ளிகளைப் பார்ப்பதற்காக 1931இல் அமெரிக்கத் தென்பகுதியிலிருந்து மைல்ஸ் ஹோர்ட்டன் என்ற இளைஞர் டென்மார்க்குக்கு வந்தார். திரும்பிப் போய் 1932இல் ரென்னசி மாநிலத்து மலையில் ஹைலாண்டர் மக்கள் பள்ளியைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடுவது சட்டவிரோதமாக இருந்த இடத்தில் அங்கே ஒன்றாகவே சாப்பிட்டார்கள், ஒன்றாகவே பாடினார்கள்.

1945-46இல் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகரில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், பழைய தேவாலயப் பாட்டொன்றை மறியலில் பாடினார்கள். அவர்களிடமிருந்து அது ஹைலாண்டருக்கு வந்தது. ஹோர்ட்டனின் மனைவி சில்பியாவிடமிருந்து 1947இல் சீகர் அதைக் கற்றார். 1957இல் அதே பள்ளியில் அவர் அதைப் பான்ஜோவில் பாடியபோது மார்ட்டின் லூதர் கிங் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் நாம் வெல்வோம் என்று உலகம் முழுவதும் பாடிய, எங்கள் ஊர்களிலும் பல கட்சிகள் தத்தம் மேடையில் பாடிய அந்தப் பாட்டு. அதன் உரிமைப்பணத்தை சீகரும் கூட்டாளிகளும் எடுக்கவில்லை, ஹைலாண்டர் நடத்தும் நிதியொன்றுக்குப் போகச் செய்தார்கள். லிண்டாவின் பாட்டுக்கு நேராதது இந்தப் பாட்டுக்கு நேர்ந்தது.

சீகரின் முறையும் அந்தப் பள்ளியின் முறைதான். அடுத்த வரியைச் சபைக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லிக் கொடுத்து, அவர்களைப் பாடவிட்டு, தான் ஒதுங்கி நிற்பார். நல்ல குரல் கேட்கப் போனவர்கள் தங்கள் குரலையே கேட்டுவிட்டு வந்தார்கள். அப்படிப் பாடப்படும் இடத்தில் யாருக்குப் பாடினாய் என்ற கேள்வியே அர்த்தமிழந்து போகிறது, ஏனென்றால் எல்லோரும் பாடினார்கள். ஆனால் என்ன பாடினாய் என்ற கேள்வி அங்கே இறக்கவில்லை. அது மேடையிலிருந்து இறங்கி ஒவ்வொரு கதிரைக்கும் வருகிறது. சேர்ந்து பாடியவனும் பதில் சொல்ல வேண்டியவனாகிறான்.

இதை எங்கள் கதையில் வைத்துப் பார்ப்போம். எழுச்சிப் பாடல்கள் கசெற்றுகளில் வந்தன. கேட்ட பிள்ளைகள் சிலர் வீட்டைவிட்டுப் போனார்கள், பலர் திரும்பவில்லை. புலம்பெயர்ந்த நாடுகளின் மண்டபங்களில் சிறு பிள்ளைகள் அட்டைத் துப்பாக்கியோடு அந்தப் பாட்டுகளுக்கு ஆடினார்கள், பெற்றோர் கைதட்டினார்கள். அந்தப் பாட்டுகளில் துயரமும் இருந்தது, நீதிக்கான உண்மையான தாகமும் இருந்தது. பிறர் பிள்ளையின் சாவை இனிமையாக்கிய வரிகளும் இருந்தன. எந்த வரி எது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை 2009 மே மாதத்துக்குப் பிறகும் செய்தவர்கள் குறைவு. அதற்குப் பதிலாக நடப்பது என்ன? யாருடைய மேடையில் ஏறினான், யாருடைய பத்திரிகையில் எழுதினான், யாருடைய கலைவிழாவுக்குப் போனான் என்ற விசாரணை.

அந்த விசாரணையின் விலையை நாம் அறிவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளால் கைது செய்யப்பட்டார். 1992இல் பென் அமைப்பு அவருக்கு எழுத்துச் சுதந்திர விருது அளித்தது. அதை வாங்க அவர் வரவில்லை, எங்கும் திரும்பி வரவேயில்லை. 1994 மே முதலாம் திகதி சபாரத்தினம் சபாலிங்கம் பாரிஸில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடல் தாண்டினாலும் கேள்வி பின்னால் வரும் என்பதை அன்று எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். அரசும் இதில் பின்நிற்கவில்லை. மன்னாரைச் சேர்ந்த கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், 2017இல் வெளியிட்ட 'நவரசம்' என்ற கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. கவிதை என்ன சொல்கிறது என்பதைத் தமிழறிந்த எவரிடமும் கேட்டிருக்கலாம். ஆனால் நூல் யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான் விசாரணையின் கவலையாக இருந்தது. ஒன்றோடொன்று போரிட்ட அதிகாரங்கள் எழுத்தாளனிடம் கேட்ட கேள்வி மட்டும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். சீகருக்கு என்ன, அவர் அந்த நாட்டுப் பிரசை, கையில் கடவுச்சீட்டு, வாதாட வக்கீல், கடைசியில் விடுவிக்க நீதிமன்றம். எங்களுக்கு முதலாவது திருத்தமும் இல்லை, ஐந்தாவது திருத்தமும் இல்லை. மௌனமாக இருந்தால் அங்கே அடி, இங்கே நிராகரிப்பு. அகதி விசாரணை அறையில் எந்தக் கூட்டம், யார் கூப்பிட்டது, கூட இருந்தவர் யார் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்கும்போது, சொல்லமாட்டேன் என்று எந்த அகதி எழுந்து வர முடியும்?

ஆட்சேபம் சரி. எல்லோரும் சீகரைப் போல நிற்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வீரத்தைப் பிறரிடம் கடமையாகக் கேட்பது எங்கள் இனத்தில் போதுமான அளவு நடந்துவிட்டது. பாதுகாப்புக் கேட்டு வந்தவன் தன் கதையைச் சொல்லத்தான் வேண்டும், அது அவனுடையது. மற்றவனின் பெயர் அவனுடையதல்ல. அந்த அறையில் கூட இந்தக் கோடு இருக்கிறது. அதை எவ்வளவு தூரம் காப்பாற்ற முடியும் என்பது அவனவன் நிலைமையைப் பொறுத்தது, அதற்காக எவரையும் நாம் தீர்ப்பிடப் போவதில்லை. ஆனால் அதிகாரமற்ற நாம், ஒருவரோடொருவர் பேசும்போது, எங்களைச் சுட்டவர்களின் கேள்வியையும் எங்களை அடைத்தவர்களின் கேள்வியையும் எதற்காகக் கடன்வாங்க வேண்டும்? இங்கே எவரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு புத்தக வெளியீட்டில், ஒரு கோவில் மண்டபத்தில், ஒரு சிறுசஞ்சிகையின் பக்கத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது முழுக்க எங்கள் கையில் இருக்கிறது.

சீகரின் பான்ஜோத் தோலில் வட்டமாக ஒரு வாசகம் எழுதப்பட்டிருந்தது. இந்தக் கருவி வெறுப்பைச் சூழ்ந்து நின்று அதைச் சரணடைய வைக்கும் என்பது அதன் பொருள். அவருடைய நண்பர் கத்ரியின் கிற்றாரிலோ இந்தக் கருவி பாசிஸ்டுகளைக் கொல்லும் என்று எழுதியிருந்தது. கொல்லும் என்பதற்கும் சூழ்ந்து நிற்கும் என்பதற்கும் இடையில் சீகர் தன் சொல்லைத் தேர்ந்தார். வெறுப்பைச் சூழ்ந்து நிற்பதென்றால், வெறுப்பவனும் அந்தச் சபைக்குள் இருக்க வேண்டும். வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விடும் சபையில் அது நடக்காது.

எங்கள் மேடைகளில் பாடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலர் ஊரில் வறுமையில், சிலர் இங்கே எங்களைப் போலக் கோப்பை கழுவிக்கொண்டும் தொழிற்சாலைகளில் இரவுவேலை செய்துகொண்டும். யாருக்குப் பாடினாய் என்று அவர்களிடம் கேட்டால், முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய பொய்யொன்றைச் சொல்வார்கள், அல்லது எழுந்து போய்விடுவார்கள். வேறுவிதமாகக் கேட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு என்ன பாடினீர்கள்? அதில் எந்த வரியை இன்றைக்கும் உங்கள் பிள்ளைக்கு முன்னால் பாடுவீர்கள்? எந்த வரியைப் பாடமாட்டீர்கள்? சேர்ந்து பாடிய சபையிலிருந்த ஒவ்வொருவரும் முதலில் தன்னிடம் கேட்டுவிட்டு, பிறகு மற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பதில் வர நாளாகலாம். சீகருக்கே அறுபது வருடங்களுக்கு மேல் எடுத்தது.